எங்கள் வீட்டில் பெயர் சொல்லாத ஊர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை கிரைண்டரில் உளுந்தைப் போட்டுவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தேன். கீர்த்தனா ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். பேண்ட்டைச் சுருட்டிவிட்டு முழங்கால் வரைக்கும் தண்ணீரில் நிற்கிறாள். கன்னத்தில் குழி விழச் சிரிக்கிறாள். எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பதால் அவளுக்கு முதுகுப் பக்கம் கடல். இடது தோளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஓர் அலை எழுந்து நிற்கிறது. நேரில் என்றால் அது ஒரு நொடியில் இறங்கியிருக்கும். போட்டோவில் எழுந்த அலை இறங்குவதே இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் அவள் தோளுக்குப் பின்னால் அப்படியே நிற்கிறது.

உடனே போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் செய்தேன். அதற்கப்புறம், நீங்கள் தொடர்பு கொண்ட எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல், பதற்றமே இல்லாமல், சொன்னது.

நீங்கள் சிரிக்கலாம். மகள் கடற்கரைக்குப் போயிருக்கிறாள், போனில் சார்ஜ் தீர்ந்திருக்கும், இதற்குப் போய் இப்படியா என்று. என் வீட்டுக்காரரும் இதைத்தான் சொல்லியிருப்பார். அன்றைக்கு அவர் பள்ளிப்பட்டில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். நான் பயந்த சுபாவக்காரி என்பது ஊருக்கே தெரியும். கீர்த்தனாவைப் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா அழைத்துப்போனபோது பஸ் டிரைவரை டீக்கடைக்குக் கூட்டிப்போய், டீ வாங்கிக் கொடுத்து, அவர் கண்ணைக் கூர்ந்து பார்த்து, ராத்திரி நன்றாகத் தூங்கினாரா என்று விசாரித்தவள் நான். அவர் கடைசி வரைக்கும் என்னை ஏதோ பெரிய அதிகாரி என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவள் சென்னையில் கல்லூரியில் படித்த காலத்தில், அரக்கோணத்தில் ரயில் பத்து நிமிஷம் நின்றால் இங்கே நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பேன்.

ஆனால் இந்தப் பயம் அந்தக் கணக்கில் சேராது. இதற்கு ஒரு ஊர் இருக்கிறது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் யாரும் அதன் பெயரைச் சொன்னதில்லை.

முதுகைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். திருத்தணியில் மலையடிவாரத்துக் குளத்தில் நாங்கள் முழுகுவதற்கு ஒரு முறை இருந்தது. மலைப் பக்கத்துப் படியில்தான் இறங்குவோம். இடுப்பளவு தண்ணீருக்கு வந்ததும் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். முகம் மலையைப் பார்த்து, முதுகு தண்ணீரைப் பார்த்து. மூக்கைப் பிடித்து, கண்ணை மூடி, மூன்று முழுக்கு. மேலே இருப்பவருக்கு முதுகைக் காட்டி முழுகினால் அது குளியல், முழுக்கு ஆகாது என்பார் நைனா. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் பக்கத்தில் பாதி உறவு தெலுங்கில்தான். நைனாவுக்கு அடிவாரத்தில் அர்ச்சனைத் தட்டுக் கடை. வெளியூர்க்காரர்கள் மலைக்கு முதுகைக் காட்டி முழுகினால் கடையை விட்டு இறங்கி வந்து தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவார். "சார், இப்பிடி திரும்புங்க. சாமி அங்க கீறாரு, நீங்க யார பாத்துகினு முழுகறீங்க?"

கல்யாணமான ஜோடி என்றால் இன்னொன்றும் உண்டு. மாப்பிள்ளையின் துண்டையும் பெண்ணின் முந்தானையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, இருவரும் ஒன்றாக முழுக வேண்டும். பெண்ணின் அம்மாதான் முடிச்சுப் போடுவாள். முழுகி எழுந்ததும் அவளே அவிழ்ப்பாள். குளத்துப் படியில் பாசி வழுக்கும் என்பதைத் தவிர அதில் வேறு ஆபத்து இல்லை. தண்ணீர் அது பாட்டுக்கு இருக்கும். நம்மைப் பின்னாலிருந்து தொடாது.

கடல் என்பதை எங்களுக்கு வானொலிதான் சொல்லிக் கொடுத்தது. ஐப்பசி வந்தால் வங்காள விரிகுடா என்ற சொல்லும் கூடவே வரும். அங்கே தாழ்வு நிலை, இங்கே பலத்த மழை. ஏதோ ஓர் அலுவலகம் அங்கிருந்து மழையை அனுப்புகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிறகு புத்தகத்தில் படித்தேன்: மூன்று பக்கம் நிலத்தால் சூழப்பட்ட கடற்பகுதி விரிகுடா எனப்படும். மூன்று பக்கமும் நிலம் என்றால் மூன்று பக்கமும் படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் குளத்தைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காதவளுக்கு வேறென்ன தோன்றும்? இன்றைக்கு நான் கே.ஜி.கண்டிகையில் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் எந்தப் பிள்ளையாவது படிகளை நினைக்கிறதா என்று முகங்களைப் பார்ப்பேன்.

இனி பாவாவைப் பற்றி. பாவா என்றால் அக்காவின் கணவர். பெயர் முனிரத்தினம். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் குடும்பம். வீடு முழுக்க நூலுக்குப் போடும் கஞ்சியின் வாசனையும் தறிச் சத்தமும். அவருக்கு மட்டும் அந்தச் சத்தம் பிடிக்காமல் ஊரை விட்டுப் போய், வடக்கே ஆந்திராவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்துக்குப் பயந்து கிரேனுக்குப் போன புத்திசாலி என்று அவரே தன்னைக் கிண்டல் செய்துகொள்வார். கஸ்தூரி அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, பையிலிருந்து பழுப்பு நிறத்தில் தோல் மாதிரி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"இன்னா மச்சினி, இது இன்னான்னு சொல்லு பாக்கலாம்."

"செருப்புத் தோலா?"

வீடே சிரித்தது. அது மாங்காய் தாண்ட்ரா. மாம்பழச் சாறைப் பாயில் ஊற்றி, காயக் காய அடுக்கடுக்காக ஊற்றி, வெயிலில் உலர்த்திச் செய்வது. வாயில் வைத்தால் முதலில் பாயின் வாசனைதான் வரும். அப்புறம் வெயில் வாசனை. அதற்கும் அப்புறம்தான் மாம்பழம். இன்றைக்கும் எங்காவது கோரைப்பாய் வெயிலில் காய்ந்தால் எனக்கு வாயில் எச்சில் ஊறும். கூடவே கண்ணிலும் தண்ணீர் வரும். இரண்டும் ஒரே குழாய் போலிருக்கிறது.

அவருடைய ஊர்ப் பெயரை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். விசாகப்பட்டினம். இதோ, எழுதிவிட்டேன்.

"விசாகன்னா யாருன்னு நெனைக்கற மச்சினி? உங்க மலை மேல கீறாரே, அவருதான். எங்க ஊரு அவரு பேருல கீது. அங்க கடக்கரையில அவருக்குக் கோயில் கட்டி இருந்தாங்களாம், அந்தக் காலத்துல. கடல் முழுங்கிடுச்சாம். இன்னைக்கும் தண்ணிக்கு அடியில கீதுன்றாங்க."

"நீங்க பாத்துகீறீங்களா பாவா?"

"கிரேன் மேல ஏறினா எல்லாம் தெரியும். தெக்க ஒரு மலை கடலுக்குள்ள மூக்க நீட்டிகினு நிக்குது. அங்க இருந்து வடக்க, கண்ணு போற தூரத்துக்கும் வளைஞ்சிகினே போவுது கரை. இப்பிடி" என்று இரண்டு கைகளையும் விரித்து, லேசாக வளைத்துக் காட்டினார். ஒரு பெரிய அண்டாவைத் தூக்கப் போகிறவர் மாதிரி இருந்தது. "கோயில் மட்டும் தெரியல. அதுக்குக் கண்ணு பத்தல."

அக்காவை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று அம்மா அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பெயர்தான் அவளைச் சமாதானப்படுத்தியது. நைனா திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஏம்மே, எங்கயோ தெரியாத ஊருக்கா அனுப்பறோம்? முருகன் பேருல கீற ஊரு. அங்கயும் மலை, இங்கயும் மலை." ஒரு பெயரை நம்பி ஒரு பெண்ணைக் கொடுத்தோம். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது என்று எழுதப் பார்த்தேன். சிரிப்பாக இல்லை.

தை மாதம் கல்யாணம். வைகாசியில், பள்ளிக்கூட லீவு முடிவதற்குள், எங்களை அங்கே அழைத்தார் பாவா. விசாகத்தன்று அந்தக் கடலில் முழுக்குப் போட ஊர் ஜனம் வரும், நாமும் போடலாம் என்று ஏற்பாடு. இரண்டு வருஷமாக அந்த ஊரில் இருந்தும் அவர் கடலில் கால் நனைத்ததில்லையாம். முதல் முழுக்கு ஜோடியாகத்தான் என்று வைத்திருந்தாராம். இதைச் சொன்னபோது அக்கா முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அம்மி அருகில் போய் ஒன்றும் அரைக்காமல் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தக் காலையை நான் சுருக்கமாகத்தான் சொல்வேன்.

கரை அவர் கை விரித்துக் காட்டியபடியேதான் இருந்தது. அவ்வளவு அகலமான எதையும் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. படி எங்கே என்று தேடினேன். மணல் சரிந்து தண்ணீருக்குள் போனது, அவ்வளவுதான். ஊரைத் திரும்பிப் பார்த்தால், வீடுகளுக்குப் பின்னால் வரிசையாக மலை. நீலமும் பச்சையுமாக, நம் மலை மாதிரியே. அதைப் பார்த்ததும் நைனாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கடற்கரைக்கு வந்த கூச்சமெல்லாம் போய், சொந்தக் குளத்துக்கு வந்தவர் மாதிரி ஆகிவிட்டார்.

"மலையப் பாத்து நில்லுங்க எல்லாரும். நம்ம குளத்துல முழுகற மாரிதான்."

அம்மா பாவாவின் துண்டையும் அக்காவின் முந்தானையையும் முடிச்சுப் போட்டாள். பொதட்டூர்பேட்டையில் அவர்கள் வீட்டுத் தறியிலேயே நெய்த புதுத் துண்டு, கஞ்சி போகாமல் மொடமொடவென்றிருந்தது. அம்மா முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஈர மணலோடு நின்றுகொண்டாள். நைனாவும் பாவாவும் அக்காவும் இறங்கினார்கள். தொடை வரைக்கும் தண்ணீர் வந்ததும் எங்கள் பக்கம் திரும்பி நின்றார்கள். மூன்று பேரும் சிரித்த முகமாக, எங்களைப் பார்த்து.

வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் கத்தினாள். கடலுக்கு முதுகைக் காட்டாதீங்க, திரும்புங்க, திரும்புங்க என்று. நைனாவுக்கு நன்றாகவே கேட்டது. தெலுங்கிலேயே, மரியாதையாகவே, பதில் சொன்னார்: "எங்க ஊருல இப்பிடித்தாம்மா முழுகுவோம்."

மூக்கைப் பிடித்தார்கள். கண்ணை மூடினார்கள். நைனா எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று என்று அவர் சொன்னதைக் கேட்டேன். அவர்களுக்குப் பின்னால் வந்ததை நானும் அம்மாவும்தான் பார்த்தோம். அவர்கள் பார்க்கவில்லை.

நைனாவை அலை மணலில் உருட்டிக் கொண்டுவந்து எங்கள் காலடியில் போட்டது. அக்காவை இரண்டு மீனவர்கள் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அவள் முந்தானை விரிந்து கிடந்தது. அதில் முடிச்சு இல்லை. பாவாவை மறுநாள்தான் கொண்டுவந்தார்கள்.

இதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

புதுத் துண்டு, கஞ்சித் துணி, தண்ணீர் பட்டதும் வழுக்கி அவிழ்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கஞ்சியின் மேல் பழி போட்டது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிந்தது. அக்காவின் மாமனார் அதற்கப்புறம் தறியில் துண்டே நெய்யவில்லை. லுங்கி மட்டும்தான் நெய்தார். நைனா சாகும் வரைக்கும் குளத்தில் மலையைப் பார்த்து முழுகவில்லை. பக்கவாட்டில் நின்றுகொள்வார். மலைக்கு ஒரு தோள், தண்ணீருக்கு ஒரு தோள். கண்ணை மூட மாட்டார். வெளியூர்க்காரர்கள் எந்தப் பக்கம் பார்த்து முழுகினாலும் கடையை விட்டு இறங்கியதில்லை.

அந்த ஊரின் பெயர் வீட்டிலிருந்து போய்விட்டது. சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, தானாகப் போய்விட்டது. சொல்ல வேண்டி வந்தால் 'அந்த ஊரு'. வானொலியில் புயல் கரையைக் கடக்கும் இடங்களைச் சொல்லத் தொடங்கினால் நைனா எழுந்துபோய் அணைத்துவிடுவார். மழை வருமா வராதா என்று தெரியாமலே நாங்கள் பல ஐப்பசிகளைக் கழித்தோம். துணி காயப்போடுவது எங்கள் வீட்டில் ஒரு சூதாட்டம். வைகாசி மாதம் மலையில் விசாகம் வந்தால் அது வெறும் 'திருநாள்'. நானும் அதற்கு விலக்கில்லை. வரைபடத்தில் கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களைக் காட்டும்போது என் குச்சி மேலிருந்து கீழே இறங்கி வரும்; ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் வேகமாகத் தாண்டும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அவர்களே பார்த்துக் குறித்துக்கொள்வார்கள்.

அக்கா திரும்பி எங்களோடு வந்தவள்தான். ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. வேளை தவறாமல் போய், சாம்பாரில் உப்பு பார்த்து, பிள்ளைகளை அதட்டி, போன வருஷம் ஓய்வு பெற்றாள். என் கல்யாணத்துக்குப் பிறகு என்னோடுதான் இருக்கிறாள். கீர்த்தனாவை வளர்த்தது அவள்தான். நான் பயப்பட மட்டும்தான் செய்தேன். அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. எதற்கும் முடிச்சுப் போட மாட்டாள். மளிகைப் பொட்டலத்துக்கு ரப்பர் பேண்டு. கொண்டைக்குக் கிளிப். பூவைக்கூட யாராவது கட்டிக் கொடுத்தால்தான் உண்டு. அவளைக் கைவிட்ட அந்த முடிச்சின் மேல் கோபம் என்றுதான் இவ்வளவு காலம் நினைத்திருந்தேன்.

இரண்டு மாதம் முன்னால் கீர்த்தனா வேலைக்கான உத்தரவோடு வந்தாள். "அம்மா, வைசாக்ல போட்டுகிறாங்க. சம்பளம் நல்லா கீது. ஹாஸ்டலும் அவங்களே குடுக்கறாங்க." அவளுக்கு ஒன்றும் தெரியாது. பெரியப்பா ஒரு விபத்தில் போய்விட்டார் என்பதைத் தவிர நாங்கள் அவளுக்கு எதையும் சொன்னதில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. "பருப்புப் பொடி எடுத்துகினு போ. அங்க சாப்பாட்டுல காரம் ஜாஸ்தியா இருக்கும்" என்றாள். அன்றிலிருந்து கீர்த்தனா கிளம்பும் வரைக்கும் பொடி பொடியாக இடித்துக்கொண்டே இருந்தாள். வேண்டாம் போகாதே என்று சொல்ல நான் எத்தனையோ முறை வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள். ஏன் என்பதற்கு அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும், அதுவும் அக்கா முன்னால்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். போன் எடுக்காத மகளுக்கு எத்தனை முறை போன் செய்ய முடியுமோ அத்தனை முறை செய்தேன். ஹாஸ்டல் நம்பர் என்னிடம் இல்லை. இவ்வளவு பயப்படுகிறவள் அதை மட்டும் வாங்காமல் விட்டிருக்கிறேன் பாருங்கள். உளுந்து கிரைண்டரில் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அக்கா வந்து அதை நிறுத்தினாள். என் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எப்ப அனுப்பினா?"

"ஏழரைக்கு. அதுக்கப்பறம் எடுக்கல. ஸ்விட்ச் ஆஃப்னு வருது."

"தண்ணிக்கு முதுக குடுத்துகினு நிக்கறா" என்றாள் அக்கா. இவ்வளவு காலத்தில் அந்த நாளைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"முடிச்சு தானா அவுறல" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"கஞ்சித் துணின்னு சொன்னீங்களே எல்லாரும். அம்மா போட்ட முடிச்சு, அது எங்க அவுறும்? உள்ள இழுத்துகினு போகுது எங்க ரெண்டு பேரையும். அவரு கை என் இடுப்புகிட்ட வந்திச்சு. என்னைப் புடிச்சிக்கத்தான் வராருன்னு நெனைச்சேன். முடிச்சத் தேடினாரு. தண்ணிக்குள்ள, கண்ணு தெரியாம, ரெண்டு கையாலயும் அத அவுத்தாரு. அவுத்துட்டு என்னைத் தள்ளினாரு."

வெளியே தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார்.

"ஏன்கா ஒருத்தருக்கும் சொல்லல?"

"சொன்னா, நீ ஏன் புடிச்சிக்கலன்னு யாராச்சும் கேப்பாங்க. யாரும் கேக்கலன்னாலும் நானே கேட்டுக்குவேன்." பிறகு சொன்னாள்: "ரெண்டு கையும் அவருக்கு அதுக்கே ஆயிடுச்சு பாப்பா. ஒரு கை மிச்சம் இருந்தாலும் நீந்தி இருப்பாரோ இன்னாவோ."

அக்காவுக்கு நான் இன்னும் பாப்பாதான். எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. அவள் மடியில் தலை வைத்து அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் கையில் போன் இருந்தது. காதோ மணி அடிக்குமா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பயம் எவ்வளவு சுயநலமானது என்று அன்றைக்குப் பார்த்தேன். அவள் முப்பத்தைந்து வருஷமாகச் சுமந்ததை என் முன்னால் இறக்கி வைக்கிறாள். எனக்கோ அது முழுதாகக்கூட உள்ளே போகவில்லை.

ஒன்பது மணி வாக்கில் போன் அடித்தது. வேறு யாரோ ஒரு பெண்ணின் நம்பர்.

"ம்மா! இன்னாம்மா, காலையில கால் பண்ணியா? சார்ஜ் போயிடுச்சு. ஃப்ரெண்ட் போன்ல இருந்து பேசறேன். டிபன் சாப்ட்டுகினு இருந்தோம்."

போனைக் காதில் வைத்தபடியே அழ ஆரம்பித்தேன். ஹலோ, ஹலோ என்று அவள் கத்துகிறாள். அக்கா போனை வாங்கிக்கொண்டாள்.

"கீர்த்தனா, பெரியம்மா பேசறேன்."

"ஆங், சொல்லு பெரிம்மா. அம்மாக்கு இன்னா ஆச்சு? அழுவுதா?"

"ஒண்ணும் ஆவல. விசாகப்பட்டினத்துல மழை கிழை உண்டா?"

அந்தப் பெயரைச் சொல்லிவிட்டாள். எந்த உறுத்தலும் இல்லாமல், அரக்கோணத்தைச் சொல்வது மாதிரி சொன்னாள். அல்லது தினமும் மனதுக்குள் சொல்லிச் சொல்லி அவள் நாக்குக்கு அது பழகியிருக்க வேண்டும். யாருக்குத் தெரியும்?

"மழையெல்லாம் இல்ல பெரிம்மா. செம வெயில். போட்டோ பாத்தியா, சூப்பரா கீதில்ல?"

"பாத்தேன். இன்னும் அங்கதான் கீறியா?"

"ஆமா, எதுத்தாப்லதான் கடல்."

"நான் சொல்றதக் கேளு. தண்ணில எறங்கினா கடலப் பாத்துகினு நில்லு. அதுக்கு முதுகக் காட்டாத. போட்டோவும் வாணா, ஒண்ணும் வாணா. எங்களத் திரும்பிப் பாக்கத் தேவல. புரிஞ்சிதா?"

எப்போதும் துடுக்காகப் பதில் சொல்கிறவள், "சரி பெரிம்மா" என்று மட்டும் சொன்னாள். பிறகு மெதுவாக, "பெரிப்பா இங்கதான் போனாரா?" என்று கேட்டாள். போன் சத்தமாக இருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஆங்" என்றாள் அக்கா. "ஊருக்கு வா. எல்லாம் சொல்றேன்."

அன்று மாலை மனது ஒரு நிலையில் இல்லாமல் குளத்துப் பக்கம் நடந்துபோனேன். முழுகுகிறவர்கள் அதிகம் இல்லை. வந்தவர்கள் குழாயடியில் நின்று தலையை நனைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் என்று ஒரு பக்கமும் பார்க்காமல், மலைக்கு ஏறும் ஆட்டோவுக்கு விரைந்தார்கள். நைனாவின் கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். ஒரு புது ஜோடி வந்தது. கழுத்து மாலைகூடக் கழற்றவில்லை. படியில் நின்று ஒருவரை ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். முடிச்சும் இல்லை, முழுக்கும் இல்லை. நல்லதுதான் என்று நினைத்தேன். நல்லதுதானா என்றும் நினைத்தேன். யோசித்தால், கீர்த்தனாவும் மலையைப் பார்த்து முழுகுவதற்காகத் திரும்பி நிற்கவில்லை. அந்தப் பழக்கமே அவளுக்குத் தெரியாது. போட்டோவுக்காகத்தான் நின்றாள். பழக்கம் போன பிறகும் அந்த நிற்பு மட்டும் எப்படியோ பிழைத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீர்த்தனா இன்னொரு போட்டோ அனுப்பியிருந்தாள். தோழி எடுத்ததாக இருக்கும். ஈர மணலில், தண்ணீர் தொடும் இடத்துக்கு ஒரு அடி இந்தப் பக்கம், கடலைப் பார்த்து நிற்கிறாள். சொன்ன சொல் தவறாமல். அதனால் முகம் தெரியவில்லை. பின்னலும் முதுகும் மட்டும்தான். அவளைச் சுற்றி அந்தக் கடல் தெற்கு மூலையில் மூக்கு நீட்டிய மலையிலிருந்து வடக்கே கண் போகும் தூரம் வரைக்கும் வளைந்து கிடந்தது. பாவா கையை விரித்துக் காட்டிய அதே அளவுக்கு.

அக்கா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கி, கரையோரமாகத் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருந்தாள். அங்கே இப்போது சிமெண்ட் சுவர், கைப்பிடிக் கம்பி, விளக்குக் கம்பங்கள், அலையைத் தடுக்கப் போட்ட பெரிய கற்கள். நாங்கள் நின்ற மணல் எங்கே என்று எனக்கும் தெரியவில்லை.

"இன்னாக்கா தேடற?"

"அந்த எடத்ததான்" என்றாள். "மணலையும் எடுத்துகினு போயிடுச்சு போல கீது, கடலு."

சொல்லிவிட்டும் விரலை எடுக்கவில்லை. கரையோரமாக, மெதுவாக, இன்னும் நகர்த்திக்கொண்டே இருந்தாள்.